இருபத்தேழாம் கூடு

எந்த வழியில் படித்தால் என் மண்டையில் ஏறும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று. கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1983 மார்ச்சில் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் என்னைச் சார்ட்டிங் கிளார்க்காக, அதாவது கடிதம் பிரித்துப் போடுகிறவளாக, எடுத்தார்கள். அதற்கு முந்தைய பதினோரு வருடமும் ஏரிக்கரை மோட்டல் ஒன்றில் அடுத்தவர் படுத்து எழுந்த படுக்கையை விரித்துக்கொண்டும், குளியலறையில் அடுத்தவர் தலைமுடியைப் பொறுக்கிக்கொண்டும் இருந்தேன். தபால் வேலை என்றால் அரசாங்க வேலை. யூனியன் உண்டு, பென்ஷன் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக இன்ஷூரன்ஸ் உண்டு. என் மகள் ஜோடிக்கு அப்போது ஆறு வயது. இரண்டு காதிலும் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களிடம் டாக்டர்கள் எந்தக் குரலில் பேசுவார்கள் என்பது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் வேலை கையில் கிடைத்துவிடவில்லை. தொண்ணூறு நாள் புரொபேஷன். அதற்குள் ஊரை மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கள் ஊருக்கு முப்பத்தெட்டு தபால்காரர்கள், ஆளுக்கொரு ரூட். எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த ரூட்டில் சேரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அறுநூற்று நாற்பது வரி. கடிதத்தைக் கையில் எடுத்ததும் முகவரியைப் பார்த்து, நின்று யோசிக்காமல், முப்பத்தெட்டு கூடுகள் உள்ள மர அலமாரியில் சரியான கூட்டில் போட வேண்டும். தேர்வில் நூறு அட்டை, ஐந்து நிமிடம், தொண்ணூற்றைந்து சரியாக இருக்க வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டாவதிலும் கோட்டை விட்டால் மோட்டலுக்குத் திரும்பிப் போய்த் தலைமுடி பொறுக்க வேண்டியதுதான்.

ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரு தெரியாதா என்று கேட்கலாம். தெரு தெரியும். ஒரே தெருவை மூன்று துண்டாக வெட்டி, மேல்பக்கத்தை ஒன்பதாம் ரூட்டுக்கும் கீழ்ப்பக்கத்தை இருபத்தொன்றுக்கும் நடுவில் நாலு வீட்டை முப்பத்தாறுக்கும் தானம் கொடுத்த புண்ணியவானின் மனசுதான் தெரியாது.

பயிற்சி கொடுத்தவர் ஹால்வர்சன். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, காதோரம் பென்சில். ஜன்னலில்லாத அறையில் எங்களை அலமாரி முன்னால் உட்காரவைத்து அட்டைக் கட்டைக் கொடுப்பார். அட்டையின் முன்பக்கம் முகவரி, பின்பக்கம் ரூட் எண். பார், போடு, திருப்பு, அடுத்தது. பேச்சு கிடையாது.

"மிசஸ் காங்கஸ், உதடு அசையுது."

"படிக்கிறேன் சார்."

"கண்ணால படிங்க. வாய்க்கு இங்க வேலை இல்லை. இருபத்தியாறு வருஷமா எல்லாரும் இப்படித்தான் படிச்சாங்க."

"படிக்க முடியாதவங்க என்ன ஆனாங்க?"

"அவங்க இங்க இல்லை" என்றார்.

சின்ன வயதிலிருந்தே நான் மக்கு. அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. இரண்டாம் வகுப்பில் மிஸ் எங்ஸ்ட்ரம் எங்களை வாசிப்புக் குழுக்களாகப் பிரித்து, பறவைகளின் பெயர் வைத்தார். நான் சிட்டுக்குருவி. பெயர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது மக்குகளின் மேசை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் மிஸ் எங்ஸ்ட்ரம் அல்ல, என் அக்கா ஐலி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறை மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே போவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

தபால் வேலை கிடைத்தபோதும் நானும் ஜோடியும் ஐலி வீட்டின் அடித்தளத்து அறையில்தான் இருந்தோம். என் புருஷன் டுவெயின் வேறொருத்தியோடு போனபின், ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் செத்து நாலு வருடம். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலகத்து அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போக ஹால்வர்சன் விடமாட்டார் என்று சொன்னதும், ஐலி கடையில் வெற்று அட்டை வாங்கிவந்து அறுநூற்று நாற்பதையும் தன் கையால் எழுதினாள். ஒரு வாரம். எண்களின் வால்கூட ஒன்றுபோல இருந்தது. ஷூ டப்பாவில் அடுக்கி, ரூட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"இந்தா. இனிமே நீயாச்சு, ஊராச்சு" என்றாள்.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். கலர் பென்சிலால் ரூட்டுக்கொரு நிறம் தீட்டினேன். அட்டை பச்சை என்பது ஞாபகம் வந்தது, எண் வரவில்லை. ஐலியின் பல் டாக்டரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, பட்டியலை என் குரலிலேயே பதிந்து கேட்டேன். மூன்றாவது ரூட்டுக்குள் தூங்கிவிட்டேன். பனி உருகிச் சேறாகக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். எந்த வீட்டில் எந்த நாய் குரைக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

என்னோடு பயிற்சியில் இருந்தவன் மெர்ல். இரும்புத்தாதுக் கப்பலில் பதினைந்து வருடம் சமையல்காரனாக இருந்தவன், ஆள் பீப்பாய் மாதிரி. அவன் தெருப் பெயர்களையெல்லாம் போல்கா நடன மெட்டில் கட்டி மனசுக்குள் பாடிக்கொள்வான். உதடு அசையாது, மேசைக்கடியில் பூட்ஸ் மட்டும் தாளம் போடும். ஹால்வர்சன் மேசைக்கடியில் பார்க்கமாட்டார்.

"ஒவ்வொருத்தன் மண்டைக்கும் ஒரு வாசல் இருக்கு வெர்னா. எனக்குக் காது. உனக்கு எங்கன்னு தேடு" என்றான் காப்பி இடைவேளையில்.

"என் மண்டைக்கு வாசலே வைக்க மறந்துட்டாங்க."

"ஜன்னலாவது இருக்கும், பாரு."

முதல் தேர்வில் மெர்லுக்குத் தொண்ணூற்றெட்டு. எனக்கு எழுபத்தொன்று.

ஹால்வர்சன் என் விடைத்தாளை நீட்டி, ரூட்வாரியாக என் தப்புகளைக் குறித்திருந்ததைக் காட்டினார். மனிதர் கறார்தான், ஆனால் கணக்கு வைப்பதில் சோம்பேறி அல்ல.

"பாருங்க. எல்லா ரூட்லயும் தப்பு. பதினாலுல மட்டும் மூணு வாரமா ஒரு தப்புகூட இல்லை. அங்க யாரு இருக்காங்க?"

"என் புருஷன் இருக்கான். புருஷனா இருந்தவன். அவளோட இருக்கான்."

அவர் காதோரத்துப் பென்சிலை எடுத்து, திரும்பச் செருகிக்கொண்டார். "சரி, அப்ப மத்த ரூட்லயும் தெரிஞ்சவங்களைப் புடிங்க."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தெரிந்தவர்கள் எல்லா ரூட்டிலும்தான் இருக்கிறார்கள். ஆறாம் ரூட்டில் என் சிநேகிதி டோரத்தி இருக்கிறாள், அங்கே எனக்குப் பாதிக்குப் பாதி தப்பு. பதினாலு மட்டும் எப்படி? கண்ணை மூடினேன். கிழக்கு எட்டாவது தெரு, 1200லிருந்து 1399: டுவெயினின் நீலநிற பிக்கப் வண்டி நிற்கும் இடம். ஆர்லிஸ் சாலை, ஒற்றைப்படை எண்கள்: அவள் முடி வெட்டிக்கொள்ளும் கடை, நாசமாய்ப் போக. ஹிக்கரி தெரு 300 முதல் 498: பியர் வாங்கும் மூலைக்கடை, ஜோடியின் பிறந்த நாளன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே நின்று குடித்துக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் பதினேழு அட்டையும் வந்தது. அவர்கள் இரண்டு பேரையும் அந்த ரூட்டின் தெருவெல்லாம் நடக்கவிட்டு, மூலைக்கு மூலை நான் ஒரு வசவு நட்டுவைத்திருக்கிறேன். படிக்கிறோம் என்று தெரியாமலே படித்திருக்கிறேன்.

என் மண்டையின் வாசல் அதுதான். யார்மேலாவது கறுவிக்கொண்டால்தான் எனக்குப் படிப்பு ஏறும்.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் என் பகையாளிகளை எழுதினேன். பன்னிரண்டாம் ரூட்டில் மிஸ் எங்ஸ்ட்ரம். மூன்றில் மோட்டல் முதலாளி. இருபத்திரண்டில், விவாகரத்து ஆனவள் சர்ச் விருந்துக்குப் பதார்த்தம் கொண்டுவந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்ன திருமதி ஊல்சன். எண்ணிப் பார்த்தால் இருபத்துநாலு பேர் தேறினார்கள். ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கினேன். ஒவ்வொருவரையும் அவரவர் ரூட்டில் இழுத்துக்கொண்டு போய், தெருமுனைக்கு ஒரு தரம் திட்டினேன். மறுநாள் அந்த ரூட் கல்வெட்டு மாதிரி நின்றது.

பகையாளி இல்லாத ரூட்டுகளுக்கு என்ன செய்வது? வலியப் போய் வம்பு வாங்கினேன். முப்பத்தொன்றாம் ரூட்டில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் லாண்டரியில், ஒரு பெண்மணி தன் துணியை டிரையரில் போட்டுவிட்டு வெளியே போயிருந்தாள். அதை அள்ளி வெளியே வைத்தேன். அவள் வந்து என்னை என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. அன்று சாயந்திரமே முப்பத்தொன்று முடிந்தது. பத்தொன்பதில் கறிக்கடைக்காரன், எட்டில் ஒரு பஸ் டிரைவர். டோரத்தியோடு போனில் சின்னதாக ஒரு சண்டை போட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். ஆறாம் ரூட் வந்தது.

ஹால்வர்சன் நடத்திய ஒத்திகைகளில் எழுபத்தொன்று எண்பத்திரண்டாகி, எண்பத்தொன்பதாகி, தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது. மூன்று ஒத்திகையிலும் அதே தொண்ணூற்றிரண்டு. தப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் இருபத்தேழு.

இருபத்தேழாம் ரூட் ஐலியின் ரூட். நான் குடியிருந்த ரூட். ஊரிலேயே பெரியது, முப்பத்தொரு அட்டை. அந்தத் தெருக்களில் எனக்கு யாரோடும் பகையில்லை. அங்கே எனக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாம் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஐலி சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான் காப்பி கொட்டிக் கெடுத்த அட்டைகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். ஜோடி அவள் மடியில். காதில் வைத்த பஞ்சை ஐலிதான் மாற்றியிருந்தாள். நான் இருபத்தேழாம் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஐலி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"பெட்டிபோன் தெரு, 2100லேர்ந்து 2248."

"பதினொண்ணு."

"இருபத்தேழுடி. நம்ம பின்பக்கத்துத் தெரு."

"தெரியுது, தெரியுது."

"அவசரப்படாத வெர்னி. உனக்கு எப்பவுமே மெதுவாத்தான் ஏறும். ஏறிட்டா எறங்காது."

அவள் அதை அன்பாகச் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டி, 'உனக்கு எப்பவுமே மெதுவாத்தான் ஏறும்' என்ற முதல் பாதியை எடுத்துக்கொண்டேன். மறு பாதியைக் கீழே போட்டேன். எடுத்ததைப் பெட்டிபோன் தெருவில் 2100ஆம் எண் வீட்டு மூலையில் நட்டேன். ஒரு நிமிடம் கழித்து அவள் அதே அட்டையைக் காட்டினாள்.

"இருபத்தேழு" என்றேன்.

"பாத்தியா!" என்று ஜோடியின் கையைப் பிடித்துத் தட்டினாள்.

ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது தானாக வரும். வரிக்குக் கீழே விரலை வைத்து வாசிக்கவைத்தாளே, எதற்கு? தான் கெட்டிக்காரி என்று அம்மாவுக்குக் காட்டத்தானே? மேப்பிள் சந்து, இரட்டைப்படை எண்கள். 'நான் வீட்ல சொல்லிக் கொடுத்துக்கறேன் மிஸ்' என்று மிஸ் எங்ஸ்ட்ரமிடம் வகுப்பு முன்னால் சொன்னாளே, அத்தனை பேர் சிரிக்க? கிழக்கு ஒன்பதாவது தெரு, 1800 முதல் 2199. அவள் போட்டுச் சலித்த சிவப்புக் கோட்டைத்தானே எனக்குக் கொடுத்தாள்? டுவெயினைக் கட்டிக்கொள்ளாதே என்று சொன்னாளே. சொன்னது அப்படியே நடந்தபோது, 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு தடவையாவது சொன்னாளா? சொல்லாமல் இருந்ததே ஒரு திமிர் இல்லையா? கெர்ட்ரூட் நிழற்சாலை, முழுவதும். ஜோடிக்குக் காது வலித்தால் 'அம்மா' என்று அழாமல் 'ஐலி' என்று அழுகிறதே, பிள்ளையைக்கூட விட்டுவைக்கவில்லையே?

ஆறு நாளில் முப்பத்தொன்று செய்தேன். செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற ரூட்டின் பகைகள் பாதியாவது நடந்தவை. இவை ஒவ்வொன்றையும் அவள் எனக்குச் செய்த நல்லதிலிருந்து உரித்து எடுத்தேன். ராப்பகலாகச் சொல்லிப் பார்த்தேன். அட்டையின் முன்பக்கம் அவள் கையெழுத்து இருந்தது சௌகரியமாக இருந்தது, பார்த்ததும் பற்றிக்கொண்டது.

இரண்டாம் தேர்வில் தொண்ணூற்றேழு.

ஹால்வர்சன் இரண்டு முறை எண்ணினார். "எப்படிப் படிச்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். தெரிஞ்சவங்களைப் புடிச்சேன்."

மெர்ல் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். ஜோடியின் காது, பென்ஷன், எல்லாம் என் கையில். பஸ் இறங்கி நடந்தேன். பெட்டிபோன் தெரு, மேப்பிள் சந்து, கிழக்கு ஒன்பதாவது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு நெஞ்சு எரிந்தது. நல்ல சேதியோடு போகிறவளுக்கு ஏன் எரிகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஐலி ஏலக்காய் ரொட்டி செய்து வைத்திருந்தாள், அம்மா செய்கிற மாதிரி மூன்று பிரி பின்னி, மேலே சர்க்கரை தூவி. என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கையில் மாவோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நம்ம பாஸ் பண்ணிட்டோம்! நான் சொல்லலை? நம்ம பாஸ் பண்ணிட்டோம்!"

"நம்மளா?" என்றேன்.

"ஏன்டி?"

"நான் பாஸ் பண்ணேன். நம்ம இல்லை, நான். எப்பவும் நடுவுல வந்து நின்னுக்கணும் உனக்கு. மக்குத் தங்கச்சியை வெச்சுத்தான உனக்குக் கெட்டிக்காரின்னு பேரு."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. ஒன்றைச் சொன்னால் அடுத்தது வந்து நின்றது; அப்படித்தானே படித்திருந்தேன்? சிவப்புக் கோட்டு வந்தது. மிஸ் எங்ஸ்ட்ரம் வந்தது. டுவெயின் வந்தான். ஜோடி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தெரு வரிசை மாறாமல் முப்பத்தொன்றையும் சொல்லி முடித்தேன்.

ஐலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

"இதெல்லாம் எத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்த?"

ஆறு நாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகியிருக்கும். இரண்டு பேரும் சிரித்திருப்போம். ஆனால் அந்த நேரத்தில், சத்தியமாக, அது ஆறு நாள் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

"எப்பவுமே" என்றேன்.

அவள் கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள். "அட்டை எழுதிக் கொடுத்தேனே, அதை விட்டுட்ட. முப்பத்தொண்ணு எண்ணினேன். சேத்துக்கோ, முப்பத்திரெண்டு" என்றாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் நானும் ஜோடியும் மேற்குப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். ஜோடிக்கு ஆபரேஷன் ஆயிற்று. காது நன்றாகக் கேட்டது. அதற்காகத்தானே எல்லாம் என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொண்டேன்.

சமாதானம் பேசப் போகாமல் இல்லை. மூன்று தடவை போனேன். முதல் தடவை கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஒரு டப்பா பிஸ்கட்டோடு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் மனசில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. பெட்டிபோன் தெருவில் திரும்பினேன். 'உனக்கு எப்பவுமே மெதுவாத்தான் ஏறும்' என்று அந்த மூலையில் அது காத்திருந்தது. மேப்பிள் சந்தில் விரல் காத்திருந்தது. ஒன்பதாவது தெருவில் சிவப்புக் கோட்டு. அவள் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தொன்றும் என்னோடு வந்து நின்றன. பொய் என்று தெரிந்தும் வயிறு எரிந்தது. நான் செய்த பொய்தான், ஆனால் படித்த படிப்பு பொய் மெய் பார்ப்பதில்லை. பிஸ்கட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மற்ற இரண்டு தடவையும் அப்படித்தான். போனில் பேசலாம் என்றால் எண்ணைச் சுற்றும்போதே தெரு வந்துவிடும்.

டோரத்தியோடும் அதே கதைதான். மன்னிப்புக் கேட்டேன், அவளும் சரி என்றாள், ஆனால் ஆறாம் ரூட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் எனக்கு அவள்மேல் எரிச்சல் வரும். ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு வேலைநாளும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான கடிதங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வசவோடு கூட்டில் போட்டேன். எங்கள் நிலையத்தில் என்னைவிட வேகமான கை கிடையாது. சூப்பர்வைசர்கள் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார்கள்.

1990இல் ஒரு நாள், தபால்காரர்கள் திருப்பிக் கொடுத்த கடிதக் கட்டுக்குள் ஐலி பெயருக்கு ஓர் உறை இருந்தது. பல் டாக்டர்கள் சங்கத்திலிருந்து ஏதோ. அதன்மேல் மஞ்சள் ஒட்டுத்தாள்: குடிமாறிவிட்டார், அரிசோனாவுக்கு அனுப்பவும். என் அக்கா ஊரை விட்டுப் போய்விட்டதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அரிசோனாத் தட்டில் போட வேண்டிய அந்த உறையை என் கை இருபத்தேழாம் கூட்டில் போட்டது. மறுநாள் தபால்காரர் அதை எடுத்துவந்து, "வெர்னா, உனக்குக்கூடத் தப்பு வருமா!" என்று சிரித்தார்.

'93 பிப்ரவரியில் அங்கேயே செத்துப்போனாள். நுரையீரல். ஜோடிக்குத்தான் சேதி வந்தது. பத்து வயதிலிருந்து ஜோடி அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தனையும் நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வழியாகத்தான் போயிருக்கின்றன. என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

"சாகறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"உனக்கு ஏன் அப்படி ஒரு கோபம்னு அவளுக்குக் கடைசிவரைக்கும் புரியலைம்மா" என்றாள் ஜோடி. "நீ சொல்லியிருக்கலாம். என்கிட்டயாவது."

அன்றைக்குத்தான் ஜோடியிடம் அந்த ஆறு நாளைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். அவளும் பதினாறு வயதில் கதவைச் சாத்தக் கற்றிருந்தாள்.

அடுத்த வருடம் ரூட்டுகளை மாற்றியமைத்தார்கள். மலைமேல் புதுவீடுகள் வந்துவிட்டன, கீழே கடைகள் மூடிவிட்டன. முப்பத்தெட்டு நாற்பத்தொன்றாயிற்று, தெருக்களை எடுத்து மறுபடி வெட்டினார்கள். எல்லோரும் திரும்பப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஹால்வர்சன் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். பழைய இருபத்தேழின் முப்பத்தொரு அட்டையும் இப்போது பன்னிரண்டு.

மெர்ல் போல்காவை மாற்றிக் கட்ட ஆரம்பித்தான். நான் வீட்டுக்குப் போய் ஷூ டப்பாவை எடுத்தேன். புது அட்டை எழுத எனக்குப் பொறுமை இல்லை. பழைய எண்ணை அழித்துப் புது எண் போட்டால் போதும் என்று நினைத்தேன். என் பழைய பகையாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். மோட்டல் முதலாளி செத்துவிட்டார். மிஸ் எங்ஸ்ட்ரம் முதியோர் இல்லத்தில் தன் பெயரையே மறந்திருந்தார். டுவெயினைக்கூட அந்த இன்னொருத்தி விட்டுவிட்டுப் போய்விட்டாள். கடைத்தெருவில் பார்த்தால் பாவமாக இருக்கும். என் கோபம் அடுப்படிச் சாம்பல் மாதிரி கிடந்தது. அறுநூறு அட்டையோடு ஒரு மாதம் முட்டினேன். ஒத்திகையில் எண்பதைத் தாண்டவில்லை.

கடைசியாகத்தான் பழைய இருபத்தேழாம் கட்டைப் பிரித்தேன். அந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய் அட்டையோடு ஒட்டியிருந்தது. அவள் எழுதிய இருபத்தேழை அழிக்க ரப்பரை எடுத்தேன். முடியவில்லை. அதன் பக்கத்தில் சின்னதாக 12 என்று எழுதினேன்.

பெட்டிபோன் தெரு, 2100 முதல் 2248. அவள் எனக்கு என்ன செய்தாள் என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. நான் அவளுக்குச் செய்தது வந்தது. அன்பாகச் சொன்னதில் பாதியை வெட்டினேன். பன்னிரண்டு. மேப்பிள் சந்து, இரட்டைப்படை: வாசிக்கக் கற்றுக்கொடுத்த விரலைக் கடித்தேன். பன்னிரண்டு. கெர்ட்ரூட் நிழற்சாலை: பிஸ்கட்டைப் படியில் வைத்துவிட்டு ஓடினேன். பன்னிரண்டு. முப்பத்தொன்றும் ஒரே மூச்சில் ஏறின. அதோடு நிற்கவில்லை. டோரத்தியின் தெருக்களில் டோரத்திக்கு நான் செய்தது ஏறியது. லாண்டரிப் பெண்மணியின் ஈரத் துணியை அள்ளி வெளியே வைத்தது ஏறியது. நாற்பத்தொரு ரூட்டுக்கும் ஆள் இருந்தது. இந்தத் தடவை யாரோடும் வம்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கோபத்தைவிட இது சீக்கிரம் ஏறுகிறது.

தேர்வன்று நான் அட்டைகளைப் போட்டு முடித்தபோது கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. புதுப் பயிற்சியாளர் சின்ன வயதுப் பெண். திருப்பித் திருப்பி எண்ணினாள்.

"நூத்துக்கு நூறு! நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லை. எப்படிங்க படிச்சீங்க?"

"எனக்கு மெதுவாத்தான் ஏறும்" என்றேன். "ஏறிட்டா எறங்காது."

அவள் பாராட்டாகச் சிரித்து, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். என் வாழ்க்கையிலேயே முதல் நூறு. அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நம்ம பாஸ் பண்ணிட்டோம் என்று சொல்கிறவள் வீட்டில் இல்லை.